பெருநாடி ஒப்பரேசனுக்குப் பிறகு ஐயாவின்ர வயித்தில புடைப்பு: தைச்ச பிழையோ, தூக்கின பிழையோ?

உரும்பிராய்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். ஐயாவுக்கு 71 வயசு. போன வருசம் வயித்துக்குள்ள பெருநாடி வீங்கி 6 சென்ரிமீற்றரைத் தாண்டீட்டுது எண்டு கொழும்பில வைச்சு, நெஞ்சுக்குக் கீழயிருந்து தொப்புளுக்குக் கீழ வரைக்கும் நெடுக வெட்டிச் செயற்கைக் குழாய் போட்டவை. அது நல்லபடியா முடிஞ்சுது, ஆளும் தேறி வந்திட்டார்.

இப்ப தொப்புளுக்குக் கொஞ்சம் மேல, அந்தத் தழும்பிலயே ஒரு புடைப்பு. படுத்தால் இல்லை. சாய்மனைக் கதிரையால எழும்பேக்க, இருமேக்க எட்டிப் பார்க்குது. சாரக்கட்டு அதில முட்டுதெண்டு இப்ப நல்லா இறக்கிக் கட்டிக்கொண்டு திரியிறார். வலி எண்டு சொல்லுறேல்லை, பின்னேரத்தில இழுக்குதாம்.

வீட்டில இதால ஒரே சண்டை. "இறைப்பு மிசினைத் தூக்காதேங்கோ எண்டு தலையால அடிச்சனான்" எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் பேச்சு. லண்டனில இருக்கிற அண்ணா தைச்சவையில பிழை எண்டு அங்கயிருந்து குதிக்கிறான். ஐயா ஒண்டும் கதைக்கிறேல்லை. எனக்குத் தெரிய வேண்டியது: இது ஏன் வந்தது, திரும்ப வெட்டத்தான் வேணுமோ? மற்றது, ஒப்பரேசனுக்குப் போகேக்க நல்லூரானுக்குப் பிரதட்டை செய்யிறனெண்டு நேர்ந்தவராம். வாற திருவிழாவுக்குச் செய்யப்போறன் எண்டு நிக்கிறார். விடலாமோ?

பனங்கூடல்

தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. எங்கட பெரியப்பாவுக்கும் பித்தப்பை எடுத்த இடத்தில உப்பிடித்தான் தள்ளினது. நல்லெண்ணெய் பூசி, பழைய செப்புக் காசு ஒண்டைத் துணியில சுத்தி அதுக்கு மேல வைச்சு இறுக்கிக் கட்டினவை. கடைசி வரைக்கும் அதோடதான் இருந்தவர், ஒண்டும் நடக்கேல்லை. திரும்ப வெட்டக் குடுக்காதேங்கோ. வெட்ட வெட்ட வயிறு பலம் இழக்கும்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி

பனங்கூடல் தம்பி, காசு வைச்சுக் கட்டின வயிறுகளை நான் வாட்டில கண்டிருக்கிறன். காசு அழுத்தின இடத்தில தோல் கறுத்துப் புண்ணாகி, உள்ளுக்குக் குடல் மாட்டினது வெளியில தெரியாமல் ராத்திரி முழுக்க வீட்டிலயே வைச்சிருந்து கொண்டு வருவினம். அந்த வேலை வேண்டாம்.

பிள்ளை, முதலில இதைப் பாருங்கோ. ஐயா மல்லாக்கப் படுத்தால் புடைப்பு தானாக உள்ளுக்குப் போகுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். நல்லது, அப்ப அந்தரமில்லை. ஒரு நாள் படுத்தும் போகாமல் கல்லு மாதிரி நிண்டு, தொட்டால் நொந்து, தோல் சிவந்து, சத்தியும் வந்து, மலமும் காற்றும் போகாமல் வயிறு ஊதினால் கட்டிலில கிடத்தி வைச்சு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கப்படாது. குடல் உள்ளுக்கு நெரிபட்டு இரத்தம் ஓடாமல் கிடக்கும், மணித்தியாலக் கணக்குத்தான் அவகாசம். 1990க்கு அடிச்சு அம்புலன்சில ஏத்துங்கோ. அண்டைக்குச் சாப்பாடோ தண்ணியோ குடுக்க வேண்டாம், உடன ஒப்பரேசன் செய்யவேண்டி வரலாம். நீங்களாகவே அமத்தி உள்ளுக்குத் தள்ளவும் பார்க்காதேங்கோ.

இந்த ஒரு பந்தியை மட்டும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. மற்றச் சண்டையைப் பேந்து பிடிக்கலாம்.

சந்தியில்_நிப்பவன்

நான் அண்ணாவின்ர பக்கம். குழாய் போடுற பெரிய டொக்டர் தன்ர வேலை முடியக் கையைக் கழுவீட்டுப் போயிடுவார். வயித்தை மூடுறது படிக்கிற பெடியள். ஆறு மணித்தியாலம் நிண்டு களைச்சவன் எப்பிடித் தைப்பான்? இதை ஒருத்தரும் வெளியில சொல்லமாட்டினம்.

கத்தியும்_நூலும்

சத்திரசிகிச்சைப் பக்கம் வேலை செய்யிறவன் நான். நேரில வயித்தில கை வைச்சுப் பார்க்கிறவர் சொல்லுறதுதான் முடிவு, நான் பொதுவான விசயத்தை எழுதுறன்.

முதலில அம்மாவின்ர வழக்கு. வயித்தை நடுவால வெட்டுற எந்த ஒப்பரேசனுக்குப் பிறகும் பத்துப் பேரில ஒருத்தர், ரெண்டு பேருக்குத் தழும்பில குடலிறக்கம் (ஐயாவுக்கு வந்த மாதிரி, தைச்ச இடம் விலகி உள்ளுக்கிருக்கிறது வெளியில தள்ளுறது) வாறது வழமை. பெருநாடி வீக்கத்துக்கு வெட்டின ஆக்களைப் பார்த்தால் அது பத்துக்கு மூண்டு வரைக்கும் ஏறுது. அதே பெருநாடியில அடைப்பு வந்து, அதே மாதிரி நெடுக வெட்டிக் குழாய் போட்ட ஆக்களுக்கு இந்தளவுக்கு வாறேல்லை. வெட்டு ஒண்டு, தையல் ஒண்டு, ஆள்தான் வேற. வீக்கம் வந்த ஆக்களுக்குக் கவட்டுக் குடலிறக்கமும் மற்றவையை விடக் கூட.

காரணம் உடம்பின்ர நாரில இருக்கு. நாடிச் சுவருக்கும் வயித்துச் சுவருக்கும் பலம் குடுக்கிறது கொலாஜன் எண்ட புரதம். இந்த ஆக்களில அது சரியான கலவையில உருவாகாது, உருவாகினதையும் அரிக்கிற நொதியங்கள் கூடுதலா வேலை செய்யும். தேய்ஞ்ச ரயருக்குள்ளால ரியூப் பிதுங்கிற மாதிரித்தான். முதலில நாடியில பிதுங்கினது, இப்ப வயித்தில பிதுங்குது, ரயர் ஒண்டுதான். அதுக்கு மேல புகை. பெருநாடி வீக்கத்துக்குப் புகைத்தலை விடப் பெரிய காரணி இல்லை, காயம் ஆறாமல் வைச்சிருக்கிறதிலயும் அதுக்குப் பெரிய பங்கு. ஐயா சுருட்டுப் பிடிக்கிறவரோ?

மிசின் தூக்கினது ஓட்டையை உண்டாக்கினது எண்டு நான் சொல்லமாட்டன். தையலுக்கு அடியில நார் பிரியத் தொடங்கிறது பெரும்பாலும் முதல் கிழமைகளிலயே. வெளியில தெரிய ஒரு வருசம், ரெண்டு வருசம் எடுக்கும். அதுக்குள்ள ஆள் எதையாவது தூக்கித்தான் இருப்பார், கடைசியாத் தூக்கினதில பழி விழும். ஒரு மாசமா விடாமல் இருமினது, முக்கி முக்கி வெளிக்குப் போனது, தைச்ச இடத்தில சீழ் பிடிச்சது, இதுகளைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்லை. மிசினுக்குத்தான் பேச்சு விழுது.

சந்தியில் நிப்பவன், நீங்கள் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடமாட்டன். தைக்கிற முறையில விசயம் இருக்கு. ஒல்லாந்தில 560 பேரை வைச்சுச் செய்து 2015இல வெளியான ஆய்வில, ஓரத்திலயிருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளி, சென்ரிமீற்றருக்கு ஒரு தையல் எண்ட பழைய முறையில தைச்சவையில ஒரு வருசத்தில 21 வீதமானவைக்குக் குடலிறக்கம். 5 மில்லிமீற்றருக்கு ஒரு தையலாச் சின்னச் சின்னனாத் தைச்சவையில 13 வீதம். வெட்டின நீளத்தைப் போல நாலு மடங்கு நூலாவது போகவேணும் எண்டது அதை விடப் பழைய கணக்கு. ஆனால் அவ்வளவு கவனமாத் தைச்சும் 13 வீதம் எண்டதையும் பாருங்கோ. புடைப்பு வந்திட்டுது, அப்ப தைச்சவன் பிழை எண்டு லண்டனில இருந்து தீர்ப்புச் சொல்லேலாது.

சந்தியில்_நிப்பவன்

சரி டொக்டர், நீங்களே சொல்லுறீங்கள் மூண்டில ஒருத்தருக்கு வரும் எண்டு. தெரிஞ்சுகொண்டு ஏன் அப்பவே வயித்துச் சுவருக்குப் பலமாச் செயற்கை வலை வைச்சுத் தைக்கேல்லை?

கத்தியும்_நூலும்

இதுதான் கேக்கவேண்டிய கேள்வி. ஒல்லாந்து, ஜேர்மனி, ஒஸ்ரியா மூண்டிலயும் சேர்த்து 480 பேரை வைச்சு ஒரு ஆய்வு செய்தவை, பெருநாடி வீக்கக்காரரும் உடம்பு பருத்த ஆக்களும். 2017இல முடிவு வந்தது. தையல் மட்டும் போட்டவையில ரெண்டு வருசத்தில 30 வீதமானவைக்குக் குடலிறக்கம். தசைக்குப் பின்னால வலை வைச்சவையில 18, தசைக்கு மேல வைச்சவையில 13. பெல்ஜியத்தில பெருநாடி வீக்கக்காரர் 120 பேரை மட்டும் எடுத்துச் செய்ததில தையலுக்கு 28 வீதம், தசைக்குப் பின்னால வலை வைச்சவையில ஒருத்தருக்கும் இல்லை.

கேட்டால் எல்லாருக்கும் வைக்கலாம்போலத்தான் இருக்கும். ஆனால் வலைக்கு மேல நீர் கட்டும். ஒப்பரேசன் நேரம் நீளும். பெருநாடி வெட்டின நோயாளி மேசையில கிடக்கேக்க இரத்தம், பிறசர், சிறுநீரகம் எண்டு மயக்க மருந்து குடுக்கிறவர் தவிச்சுக்கொண்டு நிப்பார், "இன்னும் அரை மணித்தியாலம் தாங்கோ" எண்டு கேக்க எல்லாச் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் வாய் வராது. வெடிச்சு வந்த நாடியெண்டால் கேக்கவே வேண்டாம். திட்டம் போட்டுச் செய்யிற ஒப்பரேசனில வைக்கிறது நல்லதெண்டது என்ர கருத்து. உலகத்தில கனபேர் இன்னும் வைக்கிறேல்லை எண்டது நடப்பு.

ரொரன்ரோ_மாமா

பிள்ளை, என்ர கதையும் கொஞ்சம் கேளும். எனக்கும் இதே வருத்தம்தான். ஆனால் நடுவால வெட்டேல்லை, இடப்பக்க விலாவால சரிச்சு வெட்டினவங்கள். குடலைத் தொடாமல் பின்பக்கத்தால போறதாம். இப்ப இடப்பக்க வயிறு அப்பிடியே தொங்குது, சேட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது. ஹேர்ணியா எண்டு நினைச்சு ஓடினன். ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு ஓட்டை ஒண்டும் இல்லை, விலாவுக்குக் கீழ ஓடுற நரம்பு பட்டுத் தசை சோர்ந்து போச்சு எண்டு சொன்னாங்கள். குடல் மாட்டாதாம், வெட்டித் தைச்சாலும் பெரிசாச் சரிவராதாம். வடிவில்லை எண்டு மனிசிதான் கவலைப்படுறா.

இங்க ஒரு வெள்ளைக்காரக் கிழவன் எனக்குப் பக்கத்துக் கட்டில். அவனுக்கு வயித்தில வெட்டே இல்லை. கவட்டுக்குள்ளால கம்பி விட்டுக் குழாயை உள்ளுக்கு விரிச்சவங்களாம். மூண்டாம் நாள் வீட்ட போட்டான். உங்கட ஐயாவுக்கு ஏன் அப்பிடிச் செய்யேல்லை?

கத்தியும்_நூலும்

மாமா, விலாப் புடைப்பைப் பற்றி நீங்கள் எழுதினது சரி. நடுத் தழும்பில வாறது வேற, இது வேற. ஸ்கான் பார்த்துத்தான் பிரிக்கவேணும்.

கவட்டுக்குள்ளால வைக்கிற முறையை ஆர்ஜென்ரீனாவில பரோடி எண்டவர் 1990இல முதலில செய்தவர். தழும்பு இல்லாதபடியால் தழும்புக் குடலிறக்கமும் இல்லை, ஒப்பரேசனை ஒட்டின சாவும் குறைவு. இங்கிலாந்தில பெரிய ஆய்வு ஒண்டில 30 நாளுக்குள்ள செத்தவை 1.7 வீதம், வயித்தை வெட்டினவையில 4.7. ஆனால் வருசங்கள் போகப் போக அந்த லாபம் கரைஞ்சு போச்சு. உள்ளுக்கு வைச்ச குழாய் இடம் பெயரும், பக்கத்தால கசியும். சீவிய காலம் முழுக்க ஸ்கானுக்கு வரவேணும். வீக்கத்துக்கு மேல குழாய் பிடிச்சு நிக்க நாடியிலயே வீங்காத நல்ல கழுத்துப் பகுதியும் வேணும், எல்லாருக்கும் அது இராது. குழாயின்ர விலையும் எங்கட நாட்டில சின்னக் காசில்லை. ஐயாவுக்கு ஏன் வெட்டினவை எண்டது அவரின்ர ஸ்கானைப் பார்த்தவைக்குத்தான் வெளிச்சம்.

பனங்கூடல்

இந்தளவு விஞ்ஞானம் படிச்ச ஐன்ஸ்ரைனே இதே வருத்தத்திலதானாம் போனவர், உண்மையோ?

ரொரன்ரோ_மாமா

ஓம் தம்பி. 1948இல நிசன் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் அவற்ற வயித்தைத் திறந்து, வீங்கின நாடியைச் சுத்திச் செலோபேன் தாள் ஒட்டி விட்டவர். அப்ப குழாய் மாத்திற வித்தை வரேல்லை, 1951இலதான் பரிசில டூபோ எண்டவர் வீங்கின பகுதியை வெட்டி எடுத்து வேற நாடி வைச்சது. அந்தத் தாளோட ஐன்ஸ்ரைன் ஆறு வருசத்துக்கு மேல இருந்தார். 1955இல கசியத் தொடங்கினபோது ஒப்பரேசன் வேண்டாமெண்டு மறுத்திட்டார்.

உரும்பிராய்_மகள்

எல்லாருக்கும் நன்றி. ஐயா சுருட்டுத்தான். புகையிலைத் தோட்டம் செய்தவர், சின்ன வயசில இருந்தே பழக்கம். ஒப்பரேசனுக்குப் பிறகு விட்டவர் எண்டு நாங்கள் நம்பிக்கொண்டு இருக்கிறம். "சுருட்டுப் புகை நெஞ்சுக்கை போறேல்லை" எண்டு அப்பவும் நியாயம் சொல்லுவார். இடைக்கிடை கிணத்தடியில மணம் வருது, கேட்டால் பக்கத்து வளவுக்காரராம்.

நேற்று அம்மாவுக்கு மிஸ்ஸி அக்கா எழுதினதையும் டொக்டர் எழுதினதையும் வாசிச்சுக் காட்டினன். நார் பலவீனம் எண்ட இடத்தில ஐயா சாய்மனையில கிடந்தபடி, "கேட்டியோ, மிசினில்லையாம்" எண்டார். அம்மா விடேல்லை. "மிசின் இல்லாட்டிச் சுருட்டு, எப்பிடியும் உங்கட வேலைதானே."

வெட்டுறதோ விடுறதோ எண்டதுதான் இன்னும் விளங்கேல்லை. அஸ்பிரினும் கொலஸ்ரோல் குளிசையும் எடுக்கிறார், சீனி இல்லை, கொஞ்சம் தொப்பை.

கத்தியும்_நூலும்

புடைப்பு சின்னன், வலி இல்லை, படுத்தால் போகுது எண்டால் அவசரப்படத் தேவையில்லை. ஆனால் இது தானாக மூடாது, காலம் போகப் பெருக்கும். பெருத்த பிறகு திருத்திறது கஷ்டம். ஆள் வேலை செய்யக்கூடியவர், இழுவை இருக்கு, ஓட்டை ஒடுக்கமா இருக்கு எண்டால் திருத்தச் சொல்லித்தான் யோசனை சொல்லுவினம். ஒடுக்கமான ஓட்டையிலதான் குடல் மாட்டிற பயம் கூட. வாய் அகண்ட பெரிய புடைப்பு பார்க்கத்தான் பயங்கரம்.

திருத்தினால் வலை வைச்சுத்தான். வெறுமனத் தைச்சு விட்டதைப் பத்து வருசம் பின்தொடர்ந்து பார்த்த ஒல்லாந்து ஆய்வில 63 வீதம் திரும்ப வந்தது. வலை வைச்சதில 32. அதுவும் குறைச்சலில்லை எண்டதைச் சொல்லத்தான் வேணும். இப்ப தசைக்குப் பின்னால வலை விரிக்கிற முறைகள் கனக்க முன்னேறியிருக்கு.

இனி ஐயாவின்ர கையில இருக்கிறது. புகையை ஒப்பரேசனுக்கு ஆகக் குறைஞ்சது நாலு கிழமைக்கு முதலே விடவேணும், கிணத்தடியிலயும் சேர்த்து. தொப்பை குறைஞ்சால் தைக்கிறவருக்கும் நல்லது, தையலுக்கும் நல்லது. இருமல் இருந்தால் மருந்தெடுக்கவேணும். மூத்திரம் முக்கிப் போறதெண்டால் புரொஸ்ரேற்றையும் ஒருக்காக் காட்டுங்கோ, இந்த வயசில அது கனபேருக்கு இருக்கும்.

கிளினிக்குக்குப் போகேக்க கொழும்பு வாட்டில தந்த நோய் விபர அட்டையைக் கொண்டு போங்கோ. உள்ளுக்குச் செயற்கைக் குழாய் இருக்கு எண்டு முதல் வசனத்திலயே சொல்லுங்கோ. வயித்துக் காயத்தில கிருமி பிடிச்சு அந்தக் குழாய்க்குப் போனால் உயிருக்கு ஆபத்து. அதனால அந்த நோயாளியில கை வைக்கிற விதமே வேற. அஸ்பிரினை "ஒப்பரேசன் வருது" எண்டு நீங்களா நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டச் சொன்னால் அவை சொல்லுவினம்.

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி

பெல்ட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. வயித்துப் பெல்ட் குடலிறக்கத்தைத் தடுக்காது, மாத்தவும் மாட்டாது. ஆனால் கட்டினால் இழுவை குறையும், நடக்க ஒரு தைரியம். காலமை எழும்ப முதல், படுத்த நிலையில, புடைப்பு உள்ளுக்குப் போன பிறகு கட்டவேணும். நிண்டுகொண்டு புடைப்புக்கு மேல கட்டினால் அது நெரிக்கிறதுதான். இரவில கழட்டி வைக்கலாம். வாங்கேக்க இடுப்புச் சுத்தளவை அளந்துகொண்டு போங்கோ, இங்க கடைகளில முதுகு நோவுக்குக் கட்டுற பெல்ட்டை எடுத்துத் தருவினம்.

கட்டிலால எழும்பேக்க நேர எழும்பாமல் பக்கமாச் சரிஞ்சு, கையை ஊண்டி எழும்பச் சொல்லுங்கோ. இருமல் வந்தால் தலாணியை வயித்தில அணைச்சுக்கொண்டு இருமட்டும். வெளிக்கு லேசாப் போறதுக்கு ராத்திரியில பப்பாசிப்பழமும், குரக்கனும், தண்ணியும். சரக்குக்கறி பத்தியம் எண்டு மரக்கறியைக் குறைக்கிற வீடுகளிலதான் முக்கல் கூட.

நல்லூர்ப் பிரதட்டை சரிவராது பிள்ளை. வயித்தில அவ்வளவு பாரமும் மாறி மாறி விழும், வீதி முழுக்க உருளவேணும், நடுவில சனத்துக்குள்ள ஒண்டு மாட்டினால் தூக்கி எடுக்கவே நேரம் போகும்.

பனங்கூடல்

ஐயாவுக்குச் சொல்லுங்கோ, முருகன் கடன்காரனில்லை. திருத்தி ஆறின பிறகு டொக்டரைக் கேட்டு, அடுத்தடுத்த வருசம் செய்யட்டும். இந்த முறை தேர் பார்த்து ஒரு அர்ச்சனை போதும். காசு வைச்சுக் கட்டுற கதையை நானும் இனிச் சொல்லேல்லை.

கத்தியும்_நூலும்

இன்னொரு விசயம். வீட்டில ஒருத்தரும் கேக்காததால எழுதுறன். ஐயாவுக்குச் சகோதரங்கள் இருக்கினமோ? பெருநாடி வீக்கம் குடும்பத்தில ஓடும். 65 வயசு வந்த ஆம்பிளையளை இங்கிலாந்தில அழைச்சு ஸ்கான் பண்ணுகினம், எங்கட நாட்டில அந்த ஏற்பாடு இல்லை. அதால அண்ணன் தம்பிமார் தாங்களாப் போய் ஒருக்கா வயித்து ஸ்கான் எடுத்துப் பார்க்கவேணும், சுருட்டோ சிகரெட்டோ பிடிக்கிறவை முதலில. அது வெடிக்கும் வரைக்கும் பெரும்பாலும் ஒண்டும் காட்டாது. வெடிச்ச பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதே பாதிப் பேருக்குக் கிடைக்கிறேல்லை. லண்டன் அண்ணாவும் வயசு வரேக்க தன்ர டொக்டரிட்டக் குடும்பக் கதையைச் சொல்லட்டும்.

உரும்பிராய்_மகள்

சின்னையா ஒராள் இருக்கிறார், நீர்வேலியில. 66 வயசு. வாழைத் தோட்டம், பெரிய சுருட்டுக்காரர். ஐயாவின்ர ஒப்பரேசனுக்கு முழுக்க ஓடித்திரிஞ்சவரே அவர்தான், அவரைக் காட்டச் சொல்லி இவ்வளவு நாளும் எங்களுக்கு யோசனை வரேல்லை.

பெரியாஸ்பத்திரிச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு ஐயாவை வாற செவ்வாய் கூட்டிக்கொண்டு போறன். பெல்ட் வாங்கியாச்சு. பிரதட்டைக் கதைக்கு இன்னும் பிடிவாதம்தான், அம்மாவிட்ட விட்டாச்சு. சின்னையாவுக்குத் தனியாரில ஸ்கான் எடுக்கலாமெண்டு கேட்டன். வெறும் வயித்தோட போகவேணுமோ?

ஓய்வுபெற்ற_மிஸ்ஸி

ஓம். ராத்திரிச் சாப்பாட்டோட நிப்பாட்டிக் காலமை வெள்ளனப் போகச் சொல்லுங்கோ, தண்ணி கொஞ்சம் குடிக்கலாம். பருப்பும் பயறும் முதல் நாள் வேண்டாம், குடலில காற்று நிண்டால் பெருநாடி மறைஞ்சிடும். சும்மா வயித்து ஸ்கான் எண்டு மட்டும் எழுதுவிக்காமல், பெருநாடியின்ர விட்டம் அளக்கவேணும் எண்டு துண்டில எழுதுவியுங்கோ. றிப்போட்டில எத்தினை சென்ரிமீற்றர் எண்டு இலக்கம் இருக்கோ எண்டு பார்த்து வாங்குங்கோ. 3க்கு மேல எண்டால் இங்க வந்து எழுதுங்கோ.